துணுக்கை முடிவு வரை சொல்லுங்கள்

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். காலை நடை முடிந்ததும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு விசித்திரச் செய்தியோ துணுக்கோ சொல்வதும், மற்றவர்கள் அதற்கு வேடிக்கையாகக் கருத்துச் சொல்வதும் எங்கள் பல ஆண்டு வழக்கம். அண்மையில் இரண்டு சங்கடங்கள் நேர்ந்தன. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்தது என்று நான் சொல்ல, அது பொய் என்று என் பேரன் எடுத்துக்காட்டினான். அதைவிடப் பெரியது இன்னொன்று. அமெரிக்காவில் மொலாசஸ் தொட்டி உடைந்து, தெருவில் பாகு வெள்ளம் ஓடி 21 பேர் இறந்ததாக ஒருவர் சொன்னார். "இனிப்பான சாவு" என்றேன் நான், எல்லோரும் சிரித்தார்கள். எங்களில் ஒருவருடைய அண்ணன் ஆலை விபத்தில் இறந்தவர் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. எழுந்து போன அவர் இரண்டு வாரமாக வரவில்லை. இந்த வழக்கத்தையே விட்டுவிட வேண்டுமா? — திருச்சியிலிருந்து ஒரு வாசகர்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வழக்கத்தை விட வேண்டாம். ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் நண்பரைப் பற்றிப் பேசிவிட வேண்டும், ஏனெனில் நாள் செல்லச் செல்ல வராமலிருப்பதே அவருக்குப் பழகிவிடும். அவரைக் கடைக்கு வரவழைத்து எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவிக்கலாம் என்று எண்ணாதீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "பரவாயில்லை" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது. அப்படி அவரைச் சொல்லவைப்பது இரண்டாவது முறை நோகவைப்பதாகும். கைபேசியில் இரண்டு வரி அனுப்புவதும் போதாது. நீங்கள் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். அண்ணனின் நினைவில்லாமல் பேசிவிட்டேன், அது தவறு என்று சொல்லுங்கள். வேடிக்கைக்காகச் சொன்னது, மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை என்பன போன்ற விளக்கங்களை அதனுடன் சேர்க்காதீர்கள், ஏனெனில் அவை கேட்பவருடைய வருத்தத்தைச் சிறிதாக்கிவிடும். அவர் அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். எப்போது திரும்பி வருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

நாளிதழ்களின் செய்தி மேசையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு சங்கடங்களுக்கும் மூலம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசிப் பக்கத்துப் பெட்டிச் செய்திகளைத் தேர்வதும் சரிபார்ப்பதும் சுருக்குவதும் என் வேலையின் பெரும்பகுதியாக இருந்தன. அச்செழுத்தைக் கோத்துப் பக்கம் கட்டிய காலத்தில், கட்டுரை முடிந்து பத்தியின் அடியில் இடம் மிஞ்சினால் அதை நிரப்புவதற்கே துணுக்கு போடுவார்கள். ஆகவே மிஞ்சிய இடம் எவ்வளவோ அவ்வளவுதான் துணுக்கின் நீளம். ஐந்து வரிக்குள் அடங்காத காரணமும் பின்விளைவும் வெட்டப்பட்டு, வியப்பு மட்டும் மிஞ்சும். இன்று கைபேசியில் சுற்றி வரும் செய்திகளுக்கு இடப் பஞ்சம் இல்லை என்றாலும், அந்த வெட்டு அப்படியே தொடர்கிறது. காரணம் அறுந்துபோன செய்தியில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று தெரிவதில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதும் தெரிவதில்லை.

உங்கள் கடையில் சொல்லப்பட்ட மொலாசஸ் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அது உண்மைச் செய்தி. 1919 ஜனவரி 15 அன்று, பாஸ்டன் நகரத்தின் வடமுனைப் பகுதியில், 50 அடி உயரமும் 90 அடி விட்டமும் கொண்ட ஒரு தொட்டி உடைந்து, ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் மொலாசஸ் தெருவுக்குள் பாய்ந்தது. நம் சர்க்கரை ஆலைகளில் சாராயம் வடிக்கப் பயன்படும் அதே கழிவுப்பாகுதான் அது. அலை 25 அடி உயரம் எழுந்ததாகவும், மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். 21 பேர் இறந்தார்கள். 150 பேர் காயமுற்றார்கள். பனிக்காலக் குளிரில் பாகு இறுகத் தொடங்கியதால், சிக்கியவர்களை வெளியே இழுப்பதே பெரும்பாடாயிற்று.

துணுக்கு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் இருப்பதைத்தான் நீங்கள் அன்று கேட்டிருக்க வேண்டும். தொட்டி கட்டும் வேலையை மேற்பார்வையிட்டவர் பொறியாளர் அல்லர். நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்தவர், கட்டட வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர். தண்ணீர் முழுவதும் நிரப்பிச் சோதிக்காமலே தொட்டியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது தொடக்கத்திலிருந்தே கசிந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கசிந்த பாகைக் குவளைகளில் பிடித்துச் செல்வார்கள். கசிவைப் பற்றி முறையீடு வந்தபோது, நிறுவனம் தொட்டிக்குப் பாகின் நிறத்திலேயே பழுப்பு வண்ணம் பூசியது. விபத்து நேர்ந்த பிறகு, அரசே கூடாது என்ற கொள்கையுடைய அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்று நீதிமன்றத்தில் வாதாடியது. பல ஆண்டுகள் நீண்ட விசாரணையின் முடிவில், 1925-இல் நிறுவனமே பொறுப்பு என்று தீர்மானிக்கப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைத்தது. கட்டட வரைபடங்களில் தகுதி பெற்ற பொறியாளரின் முத்திரை இருக்க வேண்டும் என்ற விதி அந்த மாநிலத்தில் வலுப்பெற்றதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு "இனிப்பான சாவு" என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கசிவை மறைக்க வண்ணம் பூசிய அந்தப் புத்தியைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். அதைக் கேலி செய்திருந்தால், ஆலை விபத்தில் அண்ணனை இழந்தவர் எழுந்து போயிருக்க மாட்டார், ஒருவேளை எல்லோரையும்விட அவரே அதிகம் பேசியிருப்பார். சாவு உள்ள செய்தியைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்தன்று. அந்தச் சாவுக்குக் காரணமான முடிவை எடுத்தவர் யார் என்பது வரை சொல்லிவிட்டால், கேலி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அதுவாகவே போய்ச் சேர்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மனம் விட்டுச் சிரிப்பதற்கென்றே அமைந்த உண்மைச் செய்திகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் என்ற ஊரின் கடற்கரையில் 45 அடி நீளமுள்ள திமிங்கிலம் ஒன்று செத்து ஒதுங்கியது. அதை அப்புறப்படுத்தும் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறையிடம் வர, அவர்கள் 1970 நவம்பர் 12 அன்று அரை டன் டைனமைட்டை வைத்து வெடித்தார்கள். சிறு துண்டுகளாகச் சிதறினால் கடற்பறவைகள் தின்றுவிடும் என்பது திட்டம். பெரும் பெரும் கொழுப்புத் துண்டங்கள் வானத்திலிருந்து விழுந்தன. கால் மைல் தொலைவில் நின்ற கார் ஒன்று நசுங்கியது. திமிங்கிலத்தின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடந்தது. வெடிமருந்தைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவர், அளவு பொருந்தாது என்று முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். நசுங்கியது அவருடைய புதுக் கார். ஒருவருக்கும் காயமில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-இல், அந்த ஊர் மக்கள் தங்கள் புதிய பூங்கா ஒன்றுக்கு வெடித்த திமிங்கிலத்தின் நினைவாகவே பெயர் வைத்தார்கள். சம்பந்தப்பட்ட ஊரே சிரிக்கும் செய்தியைச் சொல்லி நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

ஆனால் பெரும்பாலான விசித்திரச் செய்திகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை, அவற்றில்தான் உங்கள் குழுவின் திறமை வெளிப்பட வேண்டும். ஆஸ்திரேலியா ஈமு பறவைகளுடன் போரிட்டுத் தோற்றது என்ற துணுக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1932 நவம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் காம்பியன் வட்டாரத்தில், கோதுமை வயல்களை அழித்த ஏறத்தாழ 20,000 ஈமுக்களை எதிர்த்து, ஒரு மேஜரின் தலைமையில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் 10,000 தோட்டாக்களையும் அனுப்பியது உண்மை. பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சிதறி ஓட, எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் படை திரும்பியதும் உண்மை. இதைச் சொல்லும்போது, அந்த விவசாயிகள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அவர்களில் பலர் முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, அரசு கொடுத்த நிலத்தில் பயிரிட்ட முன்னாள் வீரர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கோதுமை விலை வீழ்ந்திருந்த நேரத்தில்தான் பறவைகளும் வந்து இறங்கின. இயந்திரத் துப்பாக்கியைக் கேட்கும் எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறது. செய்தியின் வேடிக்கை கொஞ்சமும் குறையவில்லை. அதற்கு ஓர் எடை கூடியிருக்கிறது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஈடான ஒன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தமானது. 1996 சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டுக்கு அருகிலுள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. துணுக்காகச் சொன்னால் இத்துடன் முடிந்துவிடும், கேட்பவர்களும் அந்த வேட்பாளர்களை விளம்பரப் பிரியர்கள் என்று எண்ணிவிடுவார்கள். உண்மையில், விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்டவே கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் அப்போதைய ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றதற்கும், குடிநீரில் கலந்த ஃபுளூரைடு நஞ்சு காரணமாக இருந்தது. இவற்றின் விளைவும் சுவையானது: அந்த ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, பொதுப்பிரிவினருக்கான வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது, சுயேச்சை வேட்பாளருக்குப் பத்து முன்மொழிவோர் வேண்டும் என்றும் ஆனது. விவசாயிகள் கேட்டது ஒன்று, கிடைத்த திருத்தம் வேறொன்று என்பதைப் பற்றி உங்கள் கடையில் ஒரு காலைப் பொழுது முழுவதும் பேசலாம்.

இங்கே கருத்துச் சொல்லும் கலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு வாக்குக்கூட வாங்காத 88 பேரைப் பற்றி, "தங்களுக்கே வாக்களித்துக்கொள்ளாத பெருந்தன்மையாளர்கள்" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அது நோகவைக்காத சிரிப்பு. அடுத்தவர், மாநிலத்தின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருப்பவரும் வேறு தொகுதியில் போட்டியிடலாம் என்ற விதியை நினைவூட்டினால், அவர்களில் சிலருக்கு மொடக்குறிச்சியில் வாக்கே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று பேச்சு இன்னொரு பக்கம் திரும்பும். நல்ல கருத்து இப்படித்தான் அடுத்தவருக்கு இடம் விட்டுப் போகும். செய்தியில் ஏற்கெனவே உள்ள வியப்பைக் கூடுதல் சத்தத்துடன் திரும்பச் சொல்வதும், சொல்பவர் முடிக்கும் முன்பே பாய்ந்து விழுவதும் பேச்சை அங்கேயே அடைத்துவிடும். செய்தி சொல்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. "கேளுங்கள், வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்" என்று முன்னுரை கொடுக்காமல், ஊர், ஆண்டு, ஆட்கள், நடந்தது என்ற வரிசையில் நிதானமாகச் சொன்னால் போதும். உண்மையான விசித்திரத்துக்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை.

சில செய்திகளில் துன்பப்பட்டவரே நகைச்சுவையை ஆயுதமாக எடுத்திருப்பார். அப்போது நாம் அவருடன் சேர்ந்து சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி, 1970-களில் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, வருவாய்த் துறைப் பதிவேட்டில் தாம் இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டிருப்பதை அறிந்தார். பூர்வீக நிலத்துக்காக உறவினர் செய்த வேலை அது. தாம் உயிரோடிருப்பதை அரசுப் பதிவில் ஏற்றுவதற்காக அவர் செய்யாதது இல்லை: பெயருடன் "இறந்தவர்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார், மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார், 1989-இல் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார், தம்மைப் போன்றவர்களைத் திரட்டி இறந்தவர்கள் சங்கம் ஒன்றை நிறுவினார். 1994-இல்தான் பதிவேட்டில் அவருக்கு உயிர் வந்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் செயல்களுக்காக 1991 முதல் வழங்கப்படும் இக்நோபல் பரிசு, 2003-இல் அமைதிக்கான பிரிவில் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசுப் பட்டியலையே உங்கள் குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன். அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை உண்மையான ஆய்வுகள். இந்திய யானைகளின் உடற்பரப்பை அளவிடச் சூத்திரம் கண்ட கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் இருவரும் 2002-இல் கணிதத்துக்காக அதைப் பெற்றிருக்கிறார்கள்.

இனி உண்மை பொய் பற்றி. உங்கள் பேரன் சொன்னது சரி. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. இத்தகைய செய்தி வரும்போது, சொல்லப்பட்ட நிறுவனமே அதை அறிவித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் வேலைகளில் அப்படி ஒன்று உண்டா என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நம் நாட்டையோ மொழியையோ ஊரையோ வானளாவப் புகழும் செய்தியை மற்றவற்றைவிட ஒரு மடங்கு அதிகமாகச் சரிபார்க்க வேண்டும் என்பது செய்தி மேசையில் நாங்கள் கடைப்பிடித்த வழக்கம், ஏனெனில் அதை நம்புவதற்கு நம் மனம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. தேசிய கீதத்தைப் பற்றி வியக்கத்தக்க உண்மை ஒன்று வேண்டுமென்றால், அதை எழுதிய தாகூரின் இன்னொரு பாடலே வங்கதேசத்தின் தேசிய கீதமாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லலாம்.

உண்மைச் செய்தியின் மேல் ஒட்டிக்கொள்ளும் மசாலாவைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். 1814 அக்டோபர் 17 அன்று லண்டனில் ஒரு மதுவடிப்பாலையின் பீர்த் தொட்டி உடைந்து, 8 பேர் இறந்தார்கள். மக்கள் தெருவில் ஓடிய பீரைப் பாத்திரங்களில் அள்ளிக் குடித்ததாகவும், அப்படிக் குடித்தே ஒருவர் இறந்ததாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் அதற்கு ஆதாரம் இல்லை. இறந்தவர்கள் அனைவரும் பெண்களும் குழந்தைகளும்; அவர்களில் ஐந்து பேர், இறந்துபோன ஒரு குழந்தைக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தவர்கள். ஏழை எளியவர்களைக் குடிகாரர்களாகக் காட்டும் அந்தச் சேர்க்கை பிற்காலத்தில் ஏறியது. ஒரு துணுக்கில் யாரோ ஒருவர் மிகவும் முட்டாளாகவோ பேராசைக்காரராகவோ தெரிந்தால், அந்தப் பகுதியைத் தனியாகச் சரிபாருங்கள்.

சரிபார்த்தும் விடை கிடைக்காத செய்திகள் உண்டு. அவற்றை அப்படியே, ஐயத்துடனேயே சொல்லலாம். 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசு அறிவிக்க, விண்கல்லால் இறந்த முதல் மனிதர் என்று உலகெங்கும் செய்தி பரவியது. வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நிகழ்ந்த வெடிப்பாகத் தெரிகிறது என்று நாசா சொன்னது. விண்கல் தாக்கியதற்கு ஐயமற்ற சான்று உள்ள நிகழ்வை நாடினால், 1954 நவம்பர் 30 அன்று அலபாமாவில் கூரையைத் துளைத்து வந்த கல்லால் இடுப்பில் அடிபட்டுப் பிழைத்த பெண்மணியைப் பற்றிச் சொல்லலாம். அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்று அவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் வழக்கு நடந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால், எதை நிரூபிக்க முடிந்தது, எதை முடியவில்லை என்பதே பேச்சாக அமையும்.

சொன்னது பொய் என்று தெரிந்தால், மறுநாள் காலையில் அதே கடையில், அதே நண்பர்களிடம் திருத்திச் சொல்லுங்கள். தீபாவளி இரவில் இந்தியா ஒளிர்வதை நாசா எடுத்ததாக ஒவ்வோராண்டும் வலம் வரும் வண்ணப் படத்தை உங்களில் ஒருவராவது காட்டியிருப்பார். அது ஓர் இரவின் படமே அன்று. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளாகத் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஓர் அறிவியலாளர் உருவாக்கியது. எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் புதிதாக விளக்குகள் பெருகின என்பதை வெவ்வேறு நிறங்களில் காட்டுகிறது. 2012 தீபாவளியின்போது எடுத்த உண்மையான படத்தை நாசா வெளியிட்டு, பண்டிகைக்காக ஏற்றப்படும் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அளவு மிகச் சிறியது என்றும் விளக்கியது. அந்த வண்ணப் படத்தில் திருச்சியைத் தேடிப் பிடித்து, உங்கள் ஊரின் எந்தப் பகுதிக்கு எப்போது மின்விளக்கு வந்தது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்ற வயதில் இருக்கும் உங்களுக்கு அதில் சொல்ல நிறையவே இருக்கும்.